கணினிக்குச் சுருதி சேர்த்தல்

லால்குடி என்று சொன்ன மாத்திரத்தில் வெளியூர் அன்பர்களுக்கு வயலின் நினைவு வருகிறது. 1930-இல் பிறந்து 2013-இல் மறைந்த ஜயராமன் அவர்கள் நம் ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு உலகெங்கும் கொண்டு போனார். ஆகவே அந்த நினைவு நியாயமானதே. கச்சேரி தொடங்குவதற்கு முன் வித்துவான் செய்யும் காரியத்தை நேயர்கள் பார்த்திருப்பார்கள். பிருடையைச் சற்றே திருகுவார். தந்தியை மீட்டிக் காது கொடுத்துக் கேட்பார். மறுபடியும் ஒரு நூலளவு திருகுவார். தந்தி தளர்ந்துவிட்டது என்பதற்காக வாத்தியத்தைக் கொள்ளிடத்தில் எறிந்துவிட்டுப் புதியது வாங்கிய வித்துவானை நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் கணினி விஷயத்தில் நம்மில் பெரும்பாலோர் அந்தக் காரியத்தைத்தான் கூசாமல் செய்து வருகிறோம். யந்திரம் சற்று மந்தமானால் "இதற்கு ஆயுள் முடிந்தது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அல்லது, சுருதி சேர்க்கத் தெரியாதவன் கையில் பிருடையைக் கொடுத்துத் தந்தியை அறுத்துக்கொள்கிறோம். இவ்விரண்டில் பின்னதை நாமே செய்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு இந்த வாரத்து விஷயத்தைத் தொடங்குகிறோம்.

நம்மிடம் ஒரு பழைய மடிக்கணினி உண்டு. அதன் விலை அதிகமில்லை. அதனுள் இருந்த பொருளோ விலை மதிக்க முடியாதது. நம் வகுப்பு மாணவர்கள் நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு விடுமுறையிலும் தத்தம் பாட்டனார் பாட்டிமாரைக் கேட்டுப் பயிர்த்தொழிற் சொற்களைத் தொகுத்து வந்தார்கள். பெருவளை வாய்க்கால், ஐயன் வாய்க்கால், புள்ளம்பாடி வாய்க்கால் என்று நீர் பாயும் ஊர்கள் சூழ்ந்த இடத்தில் அச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. அண்டை வெட்டுதல், பரம்படித்தல், நாற்று முடி, தலைமடை, கடைமடை, தாளடி, கண்டுமுதல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. இவற்றுள் பலவற்றை நம் பாடப் புத்தகங்களில் காண முடியாது. ஒரு மாணவனுடைய பாட்டி, நடவுக் காலத்துப் பெண்கள் வரப்பிலே நின்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் குறிப்புச் சொற்களை மட்டும் இரண்டு பக்கம் சொல்லியிருந்தாள். அந்த மூதாட்டி சென்ற ஆண்டு காலமானாள். அவள் சொன்ன சொற்கள் இருந்த ஒரே இடம் நம்முடைய கணினி. வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் உபாத்தியாயர் இலட்சணம் இது!

அந்த யந்திரம் நாளுக்கு நாள் மந்தமாகி வந்தது. விசையை அழுத்திவிட்டுக் காப்பி போட்டு ஆற்றிக் குடித்து முடித்த பிறகே முகத்தைக் காட்டும். ஒரு நாள் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றியது. நமது கணினியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குற்றங்கள் இருப்பதாகவும், ஒரு பொத்தானை அழுத்தினால் அத்தனையும் நீங்கி யந்திரம் புதியதுபோல் ஓடும் என்றும் அது சொல்லிற்று. ஆயிரம் குற்றம் என்றதும் அச்சம் உண்டாயிற்று. இலவசம் என்றதும் ஆசை உண்டாயிற்று. அச்சமும் ஆசையும் சேர்ந்தால் அறிவுக்கு அங்கே என்ன வேலை? அழுத்தினோம். மறுநாள் காலை யந்திரம் கண் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ இரண்டு வரி வந்து நின்றுவிட்டது.

கடைக்கு எடுத்துச் சென்றோம். "உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது, ஸார். புதிது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார் கடைக்காரர். அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. புதுக் கணினியைக் கடன் வாங்கியாவது வாங்கலாம். அந்தப் பாட்டியை எங்கே போய் வாங்குவது?

நல்ல வேளையாக, திருச்சியில் பொறியியல் படிக்கும் நமது பழைய மாணவன் ஒருவன் அந்த வாரம் ஊருக்கு வந்திருந்தான். கட்டைவிரல் அளவே உள்ள நினைவுத் துண்டு ஒன்றை யந்திரத்தின் பக்கத்தில் செருகினான். சிறிது நேரத்தில் நாம் முன்பு கண்டிராத ஒரு திரை மலர்ந்தது. "இது லினக்ஸ், ஸார். உள்ளேயிருக்கும் தட்டைத் தொடாமல் இந்தத் துண்டிலிருந்தே ஓடும். உங்கள் வீடு இடியவில்லை, வாசற்கதவின் பூட்டுத்தான் உடைந்திருக்கிறது" என்றான். பின்பு தட்டைத் திறந்து காட்டினான். நமது கோப்புகள் அனைத்தும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன! நாற்பது நிமிஷத்தில் எல்லாவற்றையும் வேறொரு துண்டில் படி எடுத்துக் கொடுத்துவிட்டான்.

அவன் அன்றும் மறுநாளும் நமக்குச் சொல்லிக் கொடுத்தவற்றையும், அதன் பிறகு நாமே படித்தறிந்தவற்றையும் நேயர்களுக்கு எடுத்துச் சொல்லுவது கடமை என்று கருதுகிறோம்.

யந்திரத்தின் உறுப்புகளுக்கும் நமக்கும் நடுவில் நின்று, நினைவிடத்தையும் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுப்பது இயங்குதளம். இதனை ஆபரேட்டிங் சிஸ்டம் என்பர். இது ஏறக்குறைய நம் ஊர் வாய்க்கால் முறையைப் போன்றதே. வாய்க்காலில் வரும் நீர் ஓர் அளவுதான். தலைமடைக்காரர்கள் மடையைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தால் கடைமடை காய்ந்து போகும். நாம் ஏற்றி வைக்கும் மென்பொருள்களுள் பல, நம்மைக் கேளாமலே யந்திரம் தொடங்கும்போது தாமும் தொடங்கிவிடுகின்றன. அவை எல்லாம் தலைமடைக்காரர்கள். நாம் எழுத விரும்பும் ஒரு கடிதத்துக்கு நீர் வந்து சேருவதற்குள் பொழுது போய்விடுகிறது. இம்மடைகளை அடைப்பதற்கு ஆயிரம் குற்றம் கண்டுபிடிக்கும் மந்திரவாதி வேண்டுவதில்லை. விண்டோஸிலேயே 'டாஸ்க் மேனேஜர்' என்ற பகுதியில் தொடக்கத்தில் ஓடுபவற்றின் பட்டியல் இருக்கிறது. வேண்டாதவற்றை அங்கேயே நிறுத்தி வைக்கலாம். வேண்டுமென்றால் மறுபடியும் திறந்துவிடலாம்.

இன்னும் நுட்பமாகப் பார்க்க விரும்புவோர்க்கு 'ஸிஸ்இன்டர்னல்ஸ்' என்னும் கருவித் தொகுதி உண்டு. மார்க் ருஸினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இருவர் 1996-இல் இதனைத் தொடங்கினர். அதன் அருமையை உணர்ந்த மைக்ரோஸாப்ட் கம்பெனி 2006-இல் அதனைத் தன்னுடையதாக்கிக்கொண்டு இன்றும் இலவசமாக வழங்கி வருகிறது. அதிலுள்ள 'ஆட்டோரன்ஸ்' என்ற கருவி, எந்தெந்த மூலையிலிருந்து எது எது தானாகத் தொடங்குகிறது என்பதை ஒன்று விடாமல் காட்டும். யந்திரத்தின் தோற்றத்தையும் பழக்கத்தையும் நமக்கேற்றபடி மாற்றிக்கொள்ள 'பவர்டாய்ஸ்' என்று ஒரு தொகுதி இருக்கிறது. விண்டோஸ் 95 காலத்தில் பிறந்து, இடையில் மறைந்து, 2019-இல் மூலநிரலையும் பகிரங்கப்படுத்திக்கொண்டு மறு பிறவி எடுத்தது அது. ஜன்னல்களை ஒழுங்காக அடுக்குவதற்கும், ஒரு விசையின் வேலையை மற்றொரு விசைக்கு மாற்றுவதற்கும் அதில் வசதி உண்டு.

இனி நம்மைக் கெடுத்த மருந்தின் கதையைக் கேளுங்கள். விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களை எல்லாம் 'ரெஜிஸ்ட்ரி' என்னும் பதிவேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. அது நம் கிராமத்து அடங்கலைப் போன்றது. பழைய அடங்கலில் இறந்து போனவர்களின் பெயர்கள் சில இருக்கலாம். அதனால் வயலில் விளைச்சல் குறைவதில்லை. ஆனால் கணக்குத் தெரியாதவன் ஒருவன் 'துப்புரவு செய்கிறேன்' என்று சொல்லி உயிரோடிருப்பவர்களின் பெயர்களையும் அடித்துவிட்டால் ஊரே தடுமாறும். பதிவேட்டைத் துப்புரவு செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களால் வேகம் கூடுவதில்லை. தீங்கு நேரும் வாய்ப்பே அதிகம். அத்தகைய கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை என்று விண்டோஸைச் செய்த கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது. நல்ல பெயர் பெற்ற கருவிகளும் அபாயத்துக்கு விலக்கல்ல. 2017-இல் 'ஸீகிளீனர்' என்ற பிரபல துப்புரவுக் கருவியின் ஒரு பதிப்பில் கள்வர்கள் நச்சு நிரலைப் புகுத்திவிட்டனர். அந்தப் பதிப்பு இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளில் ஏறிவிட்ட பிறகே விஷயம் வெளியாயிற்று.

மற்றோர் உண்மையையும் மறைக்கக் கூடாது. சுருதி சேர்த்தலால் தீராத மந்தமும் உண்டு. பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட்டுச் சுழலாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால் உண்டாகும் வேகத்தை எந்த மென்பொருளாலும் உண்டாக்க முடியாது. அவ்வாறு மாற்றியவர்கள், பழைய வழக்கப்படி 'டீஃப்ராக்' செய்ய வேண்டுமென்று யாராவது சொன்னால் கேளாதிருப்பார்களாக. சுழலும் தட்டில் சிதறிக் கிடப்பதை ஒன்று சேர்ப்பது அந்த முறை. சுழலாத தட்டுக்கு அது தேவையில்லை. அதற்கு வேண்டிய பராமரிப்பை இயங்குதளமே கவனித்துக்கொள்ளும்.

நமது கோப்புகள் மீண்டன என்று சொன்னோம் அல்லவா? முதல் இரண்டு ஆண்டுகளில் எழுதியவற்றைத் திறந்து பார்த்தபோது மறுபடியும் தலை சுற்றியது. தமிழ் எழுத்துக்குப் பதிலாக வெள்ளைக்கார எழுத்தும் குறியும் கலந்து, எறும்பு மேய்ந்தாற்போல் இருந்தது. காரணம் பின்பு விளங்கியது. கணினி எழுத்தை எழுத்தாக வைப்பதில்லை, எண்ணாக வைக்கிறது. ஒரு காலத்தில் ஒவ்வோர் எழுத்துரு செய்பவரும் இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று தம் மனம் போனபடி வைத்துக்கொண்டனர். அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் அவர் எழுதியது வெறும் கிறுக்கல்தான். 1991-இல் வெளியான யூனிகோடு முறை உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி இடம் ஒதுக்கிற்று. அதில் தமிழுக்கு 128 இடங்கள் கிடைத்தன. 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் தமிழக அரசும் யூனிகோட்டைத் தர முறையாக ஏற்று ஆணை வெளியிட்டது. நமது பழைய கோப்புகளையும் மாற்றி கொண்டு யூனிகோட்டுக்கு மாற்றிய பிறகுதான் பாட்டியின் சொற்கள் உயிர் பெற்றன.

இதைச் சொல்லும்போது விசைப்பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த முத்தையா அவர்கள், தட்டச்சுப்பொறிக்குத் தமிழ் விசைகள் அமைத்து நமக்குப் பேருபகாரம் செய்தார். கணினிக் காலத்தில், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' என்ற விசைப்பலகை வகுக்கப்பட்டது. அதில் உயிரெழுத்துக்கள் இடது கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். நடு வரிசையில் இடது கைக்கு அ, இ, உ, ஃ, எ. வலது கைக்கு க, ப, ம, த, ந. ஒரே மெய் இரட்டித்து வந்தால் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுத்தான். தொல்காப்பியர் வகுத்த உயிர், மெய், உயிர்மெய் என்ற முறை விரல் நுனியில் வந்து நிற்பதைக் காணும்போது தமிழாசிரியர்களுக்கு உண்டாகும் ஆனந்தத்தை என்னவென்று சொல்வது! இந்த விசைப்பலகை விண்டோஸிலும் லினக்ஸிலும் கைப்பேசியிலும் கிடைக்கிறது. அமைப்புப் பகுதியில் ஐந்து நிமிஷம் செலவழித்தால் போதும். கணினியைத் தன் மொழிக்கு இசைய வைக்காதவன், வேறொருவர் குரலுக்குச் சேர்த்த தம்பூராவை வைத்துக்கொண்டு பாடுபவனை ஒப்பான்.

சுதேசியத்தில் பற்றுள்ள நேயர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். நமக்கென்று ஓர் இயங்குதளம் கிடையாதா என்று. உண்டு. சென்னையிலுள்ள ஸீ-டாக் நிறுவனத்தார் 2007 ஜனவரியில் 'பாஸ்' என்னும் பாரத இயங்குதளத்தை வெளியிட்டனர். 1993-இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது அது. இந்திய மொழிகளில் வேலை செய்ய வசதியுடையது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸும் பாஸும் இரண்டும் ஏற்றியே கொடுத்தனர். பின்வந்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

நாம் கண்ட அளவில், அந்தப் பாரத இயங்குதளத்தைத் திறந்து பார்த்தவர் சிலரே. குற்றம் மாணவர்களுடையதன்று. அதனை எப்படித் திறப்பது, எப்படித் தமிழில் அமைப்பது, வழுவினால் எப்படிச் சரி செய்வது என்று சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். நமக்கே தெரியாததை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? பக்கத்துக் கேரளத்தில் 2001-இல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டம் லினக்ஸைக் கைக்கொண்டு, உபாத்தியாயர்களையே பழக்கி, அவர்களைக் கொண்டே பாடமும் பராமரிப்பும் நடத்தி வருகிறது. இன்று அது 'கைட்' என்ற பெயரில் இயங்குகிறது. அவர்களுக்குக் கைகூடியது நமக்கு ஏன் கைகூடாது?

1929-இல் அகில பாரத சர்க்கா சங்கம், கிராமத்துக் குடிசையில் வைத்து நடத்தத்தக்க சிறந்த ராட்டை ஒன்றைச் செய்து தருபவர்க்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று அறிவித்தது. விலை உயர்ந்த யந்திரத்தை வாங்கி வைப்பது அவர்கள் நோக்கமன்று. நூற்பவன் கைக்கு அடங்கும் யந்திரமே வேண்டியிருந்தது. பிற்காலத்தில் நம் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதர் அமைத்த ராட்டை 'அம்பர் சர்க்கா' என்று அவர் பெயரால் நாடெங்கும் வழங்கிற்று. தன் ராட்டையின் மாலைக் கயிற்றைத் தானே கட்டிக்கொள்ளத் தெரியாதவன் கதர் உடுத்தியும் பாதிச் சுதேசிதான். பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்ற கேள்வியோடு, அதன் பிருடை யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியும் சேர்ந்தால்தான் சுதேசியம் முழுமை பெறும்.

இக்கேள்வி இப்போது அவசரமாகியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் வழங்கி வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்ததான விண்டோஸ் 11, பாதுகாப்புக்கென்று தனிச் சில்லும் புதிய செயலியும் வேண்டுமென்று கேட்கிறது. நல்ல நிலையிலுள்ள பல பழைய யந்திரங்கள் இதனால் 'உதவாதவை' என்ற பட்டம் பெற்றுப் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. அவற்றுள் எத்தனையோ, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் ஒரு குழந்தையின் படிப்புக்கு இன்னும் பல ஆண்டு உழைக்கும். நம்முடையது உழைக்கிறது; இந்தக் கட்டுரை அதில் எழுதியதே.

அனுபவத்தில் கண்ட சில விதிகளைச் சொல்லி முடிக்கிறோம். முதலாவது, எதைத் தொடும் முன்னும் கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு படி எடுத்து வையுங்கள். படி இல்லாத கோப்பு, விதை எடுத்து வைக்காத மகசூல். இரண்டாவது, ஒரு சமயத்தில் ஒரே மாற்றம் செய்யுங்கள். நான்கு தந்தியையும் சேர்ந்தாற்போல் திருகுபவனுக்கு எது பேசிற்று, எது பேசவில்லை என்று தெரியாது. மூன்றாவது, செய்த மாற்றத்தைத் தேதியிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். நான்காவது, கருவியை அதைச் செய்தவரிடமிருந்தே பெறுங்கள். தெருவில் வந்து பயமுறுத்துபவனிடம் பெற வேண்டாம். ஐந்தாவது, யந்திரம் நன்றாக ஓடினால் அதனைச் சும்மா விடுங்கள். சுருதி சேர்ந்த பிறகும் பிருடையைத் திருகிக்கொண்டே இருப்பது வித்துவானுக்கு அழகன்று.

இப்போது நம் பள்ளியில் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் ஒரு சிறு கூட்டம் கூடுகிறது. மாணவர்கள் வீட்டில் கிடக்கும் பழைய கணினிகளைக் கொண்டு வருகிறார்கள். மேஜைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதற்குச் 'சுருதிப் புத்தகம்' என்று பெயர் வைத்தவர்கள் அவர்களே. சென்ற வாரம் அந்தப் பாட்டியின் பேரன் வந்தான். பாட்டி சொன்ன இரண்டு பக்கத்தையும் தமிழ் 99-இல் தன் கையாலேயே மறுபடி எழுதினான். ஓரிடத்தில் நின்று, "ஸார், இந்தச் சொல்லைப் பாட்டி இப்படிச் சொல்லமாட்டாள், ழகரத்தை யகரமாகச் சொல்லுவாள். எப்படி எழுதட்டும்?" என்று கேட்டான்.

அவள் சொன்னபடியே எழுது, தம்பி, என்றோம். எழுதி முடித்ததும் மூன்று இடங்களில் படி எடுத்து வைத்தான்.